சூளைக்கு மேலே நாலு டயர்

அவர் டயரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய மாட்டார். சட்டைப் பையில் ஈரத்துணியில் சுற்றிய களிமண் உருண்டை ஒன்று எப்போதும் இருக்கும். அதில் கொஞ்சம் கிள்ளி, டயரின் பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்துவார். மெதுவாக உரித்தெடுத்தால் பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு சின்ன வரப்பு களிமண்ணில் எழுந்து நிற்கும். அதைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பார். வரப்பு உயரமாக நின்றால் டயர் புதுசு, அவருக்கு வேண்டாம். வரப்பே இல்லையென்றால் மொட்டை, அதுவும் வேண்டாம். ஓர் அரிசி படுத்துக் கிடக்கிற கனத்துக்கு இருந்தால் அவர் முகம் மலரும்.

நான் முதலில் அவரைப் பார்த்ததே அந்தக் கோலத்தில்தான். விருத்தாசலம் ரயிலடியில் நின்ற ஒரு வாடகைக் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் டீ கிளாஸோடு ஓடி வந்தான்.

"என்னா பாய் பண்றீங்க? டயர்ல போயி சாணிய அப்புறீங்க?"

"சாணி இல்லப்பா. களி. இந்த டயர எப்ப மாத்தப் போற?"

"ஓனரு மனசு வெச்சா நாளைக்கே மாத்துவேன். சின்னத் தூத்தல் போட்டாக்கூட வேப்பூர் ரோட்டுல வண்டி டான்ஸ் ஆடுது."

"மாத்துறப்ப எனக்குக் குடு. வேற யாருக்கும் குடுத்துடாத."

"இது காரு டயரு பாய். மாட்டு வண்டிக்கெல்லாம் பத்தாது."

"ஓட்டத்தான்."

டிரைவர் ஸ்டாண்டில் இருந்த எல்லாரையும் பார்த்துக் கையைத் தட்டினான். "கேட்டீங்களாய்யா! நான் பயந்துகிட்டுக் கழட்டுறத இவரு போட்டு ஓட்டப் போறாராம். வூட்ல பொண்டாட்டி இருக்குதா இல்லியா பாய்?"

"சரி" என்றார் அவர். கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டு நிம்மதியாக நடந்தார்.

எனக்கு அப்போது செராமிக் டிப்ளமாவில் முதல் வருடம். திட்டக்குடியிலிருந்து வந்தவன். படிப்பது களிமண், ஜாடிமேல் பூசிச் சுடுகிற கிளேஸ், சூளைச் சூடு. கனவில் வருவது கார். மெட்ராஸ் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கிற வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்து அட்டை கிழியும்வரை படிப்பேன். அதில் ஒன்றில் இந்த விஷயம் இருந்தது. ஓடிப் போய் அவரை மறித்தேன்.

"ரேஸ்ல ஓட்டுறதுக்கா சார்? தேஞ்ச டயர்தான் காய்ஞ்ச தரையில நல்லா பிடிக்குமாமே?"

அவர் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரூம் எங்க?" என்று கேட்டார்.

அந்த வாரமே அவர் வீட்டுப் பின்கட்டு அறைக்குக் குடிபோனேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. புது டயரில் பட்டன்கள் உயரமாக நிற்கும். சாதாரணமாக ரோட்டில் போகும்போது அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் வேகமாகப் போய் வளைவில் திருப்பினால் அந்த உயரமான ரப்பர் கட்டைகள் ஒவ்வொன்றும் பக்கவாட்டில் சாயும். சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து, சூடேறிப் பிய்ந்துகொண்டு வரும். ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் ஒரு தள்ளாட்டம் இருக்கும். தேய்ந்த டயரில் பட்டன் குட்டை. சாய இடமில்லை. ரப்பர் முழுசாகத் தரையில் உட்காரும். காய்ந்த தரையில் அதுதான் பிடிப்பு. ஈரத்தில் அதே டயர் எமன், தண்ணீர் ஓடப் பள்ளம் இல்லாததால். இவ்வளவுதான் சங்கதி. நான் இதைப் பத்திரிகைப் படத்தோடு அவருக்கு விளக்கியபோது, "ஆமா, ஈர ஜாடிய ஒசரமா வனைஞ்சு தூக்கிப் பாரு, இடுப்புல ஆடும்" என்று சொல்லிவிட்டுப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தைத் திருப்பித் தரவேயில்லை.

செராமிக் எஸ்டேட்டில் அவருக்கு ஒரு சின்ன ஷெட். ஃபியூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் டீக் கப்பும் போகும். ஜாடிகளைக் கடைகளுக்குக் கொண்டு போகிற சாக்கில் வாங்கிய சாம்பல் நிறக் கார் ஒன்று. வருடத்துக்கு ஒரு முறை, மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, மெட்ராஸுக்கு அந்தப் பக்கம் சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் கார் பந்தயம் நடக்கும். பந்தயத்துக்கு முன்னால் ஒரு நாள், ஓட்டிப் பழக விடுவார்கள். அவர் அந்த ஒரு நாளுக்காகத்தான் போவார். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்ததே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"பந்தயம்னா எவனோ ஒருத்தன முந்தணும் தம்பி. எனக்கு எவன் மேலயும் கோவம் இல்ல."

நல்ல டயரில் காரை ஓட்டிக்கொண்டு போவார். தேய்ந்த நாலு டயரும் தனியாகச் சக்கரத்தோடு கூரைமேல் கட்டியிருக்கும். அங்கே போய் ஜாக்கி போட்டு மாற்றிக்கொண்டு ஓட்டுவார். முடிந்ததும் மறுபடி மாற்றிக்கொண்டு வீடு திரும்புவார். ஒரு வருடம் இத்தனையும் கட்டிக்கொண்டு போன இடத்தில் மேகம் கறுத்திருந்தது. ஒரு துளி விழவில்லை. ஆகாயத்தைப் பார்த்தார், கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை, வண்டியைத் திருப்பிவிட்டார். வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டு வந்தேன். அவர் பயமில்லாதவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்த்ததிலேயே ஜாக்கிரதையான ஆள் அவர்.

ஆனால் அந்த "சரி"யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் யாரோடும் வாதம் செய்து நான் பார்த்ததில்லை. யார் என்ன சொன்னாலும் "சரி". சொல்லிவிட்டுத் தான் நினைத்ததைச் செய்வார். எஸ்டேட்டைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் ஜாடி மூடியின் குமிழ் சரியில்லை, மாற்று என்றார். "சரிங்க சார்." அடுத்த வருடம் அதே அதிகாரி அதே மூடியைக் கையில் எடுத்து, "பாருங்க, இப்ப எவ்வளவு பாந்தமா இருக்குது!" என்று பாராட்டினார். "சரிங்க சார்." சோழவரத்தில் சக்கரத்தைச் சோதிக்கிற ஒருவர், "என்ன இது, இவ்வளவு தேஞ்சிருக்கே" என்று முகம் சுளித்தார். "சரி சார், மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு நேராக வண்டியில் ஏறி ஓட்டிவிட்டு வந்தார்.

அவர் மனைவியை அந்த வீட்டில் எல்லாரும் லாத்தா என்பார்கள். அக்கா என்று அர்த்தம். கூடவே வளர்ந்த அந்தம்மாவின் தம்பி அப்படிக் கூப்பிட்டதால் வேலைக்காரர்கள், பக்கத்து வீட்டார், கடைசியில் நான், எல்லாருக்கும் அவர் லாத்தாதான். சமையலறையில் புகை போக ஒரு ஜன்னல் வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"அவரு 'சரி'ன்னா நடக்காதுன்னு அர்த்தம் தம்பி" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். "'பாக்கலாம்'னா நிச்சயமா நடக்காது. வாயே தொறக்கலன்னா வெச்சுக்க, ஒருவேளை நடந்தாலும் நடக்கும்."

"அப்ப கல்யாணத்துல என்னா சொன்னாரு லாத்தா?"

"அன்னிக்கு பள்ளிவாசல் ஹஜ்ரத்து கேட்டப்ப மட்டும் சத்தமா சம்மதம்னாரு. அதான் இன்னும் இங்க கெடக்கறேன்."

உள்ளே அவர் கைப்பிடி உடைந்த கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார். விலைபோகாத மூளிக் கப்புகள்தான் அந்த வீட்டில் புழங்கும். செருப்பு குதிகாலில் காகிதமாகத் தேய்ந்திருக்கும். புதுசு காலைக் கடிக்குமாம். லாத்தா சொல்வார்: "நானும் தேஞ்சுட்டேன், அதனாலதான் வெச்சிருக்காரு." அவர் காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் காது நுனி சிவக்கும்.

லாத்தாவின் தம்பிக்கு என் வயதுதான். பெற்றவள் போனபிறகு லாத்தா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. ஷெட்டில் லாரி ஏற்றுவான், கார் ஓட்டுவான், சோழவரத்துக்கு எங்களோடு வந்து நட்டுக் கழற்றுவான். ஓட்ட மட்டும் அவர் விட்டதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் துபாய் என்ற பெயர் எங்கள் பக்கத்துத் தெருக்களில் புதிதாக அடிபட ஆரம்பித்திருந்தது. ஏஜென்ட் மூலமாக அவனுக்கு அங்கே லாரி டிரைவர் வேலை கிடைத்தது. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. லாத்தா தெருவில் நடக்கிற நடையே மாறிவிட்டது. தம்பி துபாய் போய்விட்டால் அவனுக்கென்று ஒரு வீடு, அவனுக்கென்று ஒரு பெண்டாட்டி. தம்பியைக் கரையேற்றுகிறேன் என்று பெற்றவளிடம் சொல்லியிருந்த வார்த்தை நிறைவேறிவிடும். அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய விஷயம் லாத்தாவுக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தேய்ந்த டயர்களை அவர் வழக்கமாகக் கட்டிலுக்கு அடியில், சுண்ணாம்புப் பொடி தூவி, சாக்குப் போர்த்தி வைத்திருப்பார். சாக்கெல்லாம் நனைந்து ஊறியது. தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். சூளையின் சூடு வீணாகாமல் இருக்க, அதன் தலைமேல் ஒரு உலர்த்தறை கட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் ஈர ஜாடிகள் அதில்தான் காயும். அங்கே மேல்தட்டில் நாலு டயரையும் அடுக்கினார்.

யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எப்படிப் படும்? எங்கள் ஊரில் எந்தப் பொருளும் சூட்டில் வைத்தால்தான் உருப்படும். ஈரம் கெடுக்கும், சூடு கெட்டிப்படுத்தும். களிமண் ஜாடியாவதும் அப்படித்தான், ஜாடி கிளேஸ் ஏறிப் பளபளப்பதும் அப்படித்தான். காலையில் கண் விழித்ததிலிருந்து பார்ப்பதெல்லாம் அதுதான். மழை ஓய்கிறவரை டயர்கள் அங்கேயே இருந்தன. அதற்குப் பிறகும் இருந்தன. அந்த இடம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

சோழவரம் போகிற வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "மச்சான், துபாய் போறதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ நான் ஓட்டவா?" என்றான்.

அவர் லாத்தாவைப் பார்த்தார். லாத்தா கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஓட்டட்டும். வேணாங்கல. ரெண்டு வருசமா உங்க பின்னாடி வந்து நட்டு கழட்டுறான், ஆசை இருக்காதா? ஆனா ஏங்க, ஒண்ணு கேப்பேன்."

"கேளு."

"அந்தப் பீத்த டயருல வேணாம். நீங்க எதுல வேணா போங்க, நான் வாயத் தொறந்ததில்ல. அவனுக்குப் புதுசு போட்டு ஓட்டச் சொல்லுங்க."

"புதுசு அங்க தள்ளாடும் லாத்தா, பழசுதான்..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"நீ வாய சோத்துக்கு மட்டும் தொற. நான் அவருகிட்ட கேக்குறேன்."

எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் சொன்னார்:

"அவன் உனக்குத் தம்பின்னா எனக்கு மட்டும் யாரு? புதுசே போடுறேன். நீ கவலப்படாத."

இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. லாத்தாவும் கேட்டிருக்க மாட்டார். அதனால்தான் நம்பினார். எழுந்து போய் எல்லார் தட்டிலும் இன்னொரு கரண்டி கறி வைத்தார்.

சோழவரத்தில் வெயில் சுள்ளென்று இருந்தது. துண்டு மேகம் இல்லை. நாங்கள் போன டயர்கள் நல்ல டயர்கள், ஆறேழு மாதம் முன்பு வாங்கியவை. அப்படியே ஓட்டியிருக்கலாம். அவர் டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்தார்.

"மச்சான்..." என்றான் தம்பி. "லாத்தாகிட்ட சொல்லிட்டு வந்தீங்களே."

"அவளுக்கு என்னா தெரியும்? அந்தக் கடைசி வளைவு எனக்குத் தெரியும். புதுச மாட்டி உன்ன அதுல அனுப்பிட்டு நான் இங்க நின்னு பாக்கணுமா?"

கூரையிலிருந்து இறக்கிய பழைய டயர் ஒவ்வொன்றிலும் களிமண்ணை அழுத்தி உரித்துப் பார்த்தார். நாலும் ஒரே கனம். அரிசி அளவு. என்னிடமும் காட்டினார். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அவர் ஏமாற்றவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே நல்லதை, வருடம் பூராவும் பொத்திப் பாதுகாத்ததை, அந்தப் பையனுக்கு எடுத்து மாட்டினார். என் பத்திரிகைகளும் அதைத்தான் சொல்லின.

முதல் சுற்றை மெதுவாகத்தான் ஓட்டினான். அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் வேகம். எங்களைக் கடக்கும்போது ஜன்னல் வழியே கையைத் தூக்கினான். மூன்றாவது சுற்றில், கடைசி வளைவில், காரின் பின்பக்கம் தனியாகக் கழன்ற மாதிரி வெளியே போனது. சத்தம்கூட வரவில்லை. நல்ல டயர் வழுக்கினால் கீச்சென்று கத்தும். இது கத்தவே இல்லை. வழவழத்த தரையில் ஜாடி வழுக்குகிற மாதிரி போனது. அப்புறம் மணல் மூட்டைகளில் மோதி ஒரு தடவை புரண்டு நின்றது.

அவனை வெளியே எடுத்தார்கள். வலது முழங்கால் இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. பேசினான். தண்ணீர் கேட்டான். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்வரை அவர் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏற்றிய பிறகு, நீங்களும் ஏறுங்கள் என்று யாரோ சொன்னபோது, "வரேன்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

பின்சக்கரம் ஒன்று ஆகாயத்தைப் பார்த்துக் கிடந்தது. அவர் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். நகம் இறங்கவில்லை. இன்னும் அழுத்தினார். நகம்தான் மடங்கியது. பட்டன்களின் அடியில், பள்ளத்துக்குள், நூல் நூலாகக் கோடுகள். சூளையிலிருந்து அவசரப்பட்டு எடுத்த கப்பில் கிளேஸ் வெடித்துக் கோடு விடுமே, அச்சு அசல் அதே கோடு. நான் வகுப்பில் படித்த கோடு, அவர் ஆயிரம் தடவை பார்த்துக் கழித்துப் போட்ட கோடு. பள்ளத்தின் ஆழத்தைக் களிமண் சரியாகத்தான் சொல்லியிருந்தது. ரப்பர் வெந்துபோனதைக் களிமண்ணால் சொல்ல முடியவில்லை.

"சூளைக்கு மேல வெச்சுட்டேன் தம்பி" என்றார்.

நல்ல டயர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தள்ளாடியிருக்கும். ஆனால் பிடித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் லாத்தா ரயிலேறி மெட்ராஸ் வந்தார். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்தது, உட்காரவில்லை. புர்காவைக்கூடக் கழற்றவில்லை. தம்பியின் காலைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"புது டயருதானே போட்டீங்க?"

அவர் வாயைத் திறந்தார்.

"புதுசுதான் லாத்தா" என்றான் கட்டிலில் இருந்தவன். "நான்தான் வேகமாப் போயிட்டேன்."

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று நான் அவனைக் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அக்காவின் முகத்தை அவன் பார்த்தான், மச்சானின் முகத்தையும் பார்த்தான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். காரை அங்கேயே பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டதால் லாத்தா டயரைப் பார்க்கவில்லை.

கால் சேர்ந்தது, ஆனால் மடங்காது. ஏஜென்ட் வேறு ஒரு பையனை அனுப்பினான், திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பையன். அவன் போகும்போது சொல்லிக்கொள்ள வந்தான். லாத்தா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. லாத்தா யார் வந்தாலும் சொல்ல ஆரம்பித்தார். மீன்காரியிடம், ஹஜ்ரத்தின் வீட்டம்மாவிடம், பால் ஊற்றுகிறவனிடம்.

"அவரு ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு, பழசுதான் பிடிக்கும், புதுசு வேணாம்னு. நான்தான் கேக்கல. என் தம்பிக்குப் புதுசு போடுன்னு அடம் பிடிச்சேன். என் பேச்சக் கேட்டுப் போட்டாரு. போச்சு. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல?"

அழமாட்டார். காய் நறுக்கிக்கொண்டே, நேற்று கடைக்குப் போனதைச் சொல்கிற மாதிரி சொல்வார். பக்கத்திலேயே கணவரும் உட்கார்ந்திருப்பார். நானும் இருந்திருக்கிறேன். காய் நறுக்குகிற சத்தம் கேட்கும்.

அவர் "சரி" என்று சொல்வதை விட்டுவிட்டார். லாத்தா ஒன்று கேட்டால் எழுந்து போய் அதைச் செய்துவிட்டு வருவார். சமையலறைச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். கேட்காமலே புதுச்சேலை வாங்கி வந்தார். லாத்தா அதைக் கட்டவில்லை, "எனக்கு எதுக்குங்க புதுசு" என்று பெட்டியில் வைத்துவிட்டார். பழைய கப்புகளை மூட்டையாகக் கட்டி அவர் வெளியே போட்டார். லாத்தா போய் எடுத்துக்கொண்டு வந்தார். மைத்துனனைத் தினமும் கையைப் பிடித்து ஷெட்டுக்கு அழைத்துப்போய், கணக்குப் பார்க்கிற இடத்தில் உட்கார வைத்தார். அந்த மனுசன் எப்படி மாறிட்டாரு பாருங்க, அடிபட்டதும் புத்தி வந்திருக்குது, நல்ல மனுசன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சட்டைப் பையில் களிமண் உருண்டை இல்லை. டயர் பேச்சை நான் எடுத்தால் எழுந்து போய்விடுவார். நானும் எடுப்பதை நிறுத்தினேன். பத்திரிகைகள் வாங்குவதையும் நிறுத்தியிருந்தேன். ஏன் என்று யோசித்ததில்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

டிப்ளமா முடித்து சேலம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். சில வருடம் கழித்து லாத்தாவிடமிருந்து தகவல் வந்தது: தம்பிக்குப் பெண் பார்த்திருக்கிறது, திட்டக்குடியில், உன் ஊர்தான், பேசி முடிக்க அவர்கள் வருகிறார்கள், நீயும் வா.

போனேன். முன்னறையில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் தகப்பனார் துணிக்கடைக்காரர், நிதானமான ஆள். மாப்பிள்ளை நீட்டிய காலோடு சுவரில் சாய்ந்திருந்தான். சாப்பாடு பாதியில் பெண்ணின் தகப்பனார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கால் எப்படி இப்படி ஆச்சுன்னு..."

"என்னாலதான் மாமா" என்று லாத்தா வாசற்படியில் நின்றுகொண்டு ஆரம்பித்தார். பழசு, புதுசு, அடம், எல்லாம் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை. "நான் மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இவன் இன்னிக்கு துபாய்ல இருப்பான்."

"நான் புதுசு போடல."

எல்லாரும் திரும்பினோம். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். மெதுவாக, ஆனால் தெளிவாக.

"போடுறேன்னு உன்கிட்ட சொன்னேன். போடல. பழசுதான் மாட்டுனேன். அது சூளை மேல கெடந்து வெந்துபோயிருந்துச்சு. உன் மேல ஒண்ணும் இல்ல."

லாத்தா அவரையே பார்த்தார். பார்க்கப் பார்க்க லாத்தாவின் முகம் இளகியது. இத்தனை வருடத்தில் அந்த முகம் அப்படி இளகி நான் பார்த்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்ணின் தகப்பனாரிடம் சொன்னார்.

"பாத்தீங்களா மாமா? நாலு பேருக்கு முன்ன நான் தலை குனியக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குறாரு."

"நெசமாத்தான் சொல்றேன்" என்றார் அவர். "அவன கேளு."

மைத்துனன் நீட்டிய காலைக் கையால் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டான். "எதுக்கு மச்சான் இதெல்லாம்? புதுசுதான் போட்டீங்க. ஓட்டுன எனக்குத் தெரியாதா?"

அவர் என் பக்கம் திரும்பினார். அதற்குள் பெண்ணின் தகப்பனார் கையை உயர்த்திவிட்டார்.

"போதும். எனக்கு வேற எதுவும் கேக்க வேணாம். பொண்டாட்டிக்காக இப்படிப் பேசுற மனுசர் இருக்கிற வூட்டுக்கு எம்பொண்ண கண்ண மூடிக்கிட்டு அனுப்புவேன்."

எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. லாத்தா உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்தார். பாயைச் சுற்றி வந்து, கணவருக்குப் பக்கத்தில் குனிந்து, சட்டியில் இருந்ததிலேயே பெரிய கறித்துண்டாகத் தேடி அவர் தட்டில் வைத்தார்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார்.